தாய்மாமன் கையில் கோப்பு

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்தானே நீங்கள்? எங்கள் வகையறா இல்லையே? நவநீதன் வகையறாவும் இல்லையே? நல்லது, உட்காருங்கள். உங்கள் பெட்டி வேறு, எங்கள் பெட்டி வேறு. நான் சொல்வது உங்கள் வீட்டோடு நின்றுவிடும். எனக்குத் தூக்கம் வருவதற்குள் இதை யாரிடமாவது கொட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் சிரிப்பை அடக்கியே வயிறு வெடித்துவிடும்.

முதலில் என் கல்யாணத்தை எனக்கு நினைவிருக்கிறபடியே சொல்லிவிடுகிறேன். நடந்து ஒரு மாதம்தான் ஆகிறது. ஒரு பருக்கைகூட மறக்கவில்லை. கேட்கும்போது உங்களுக்கு எங்காவது இடித்தால் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். கடைசியில் எல்லாம் விளங்கிவிடும்.

மறதிக் காய்ச்சல் வந்து போன பிறகு இன்றைய நாள் நாளைக்கு யார் தலையிலும் தங்குவதில்லை. கண்ணை மூடித் தூங்கினால் போச்சு. அதற்காகத்தான் காதுக்குப் பின்னால் இந்தக் குமிழும், வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டியும். படுக்கும்முன் குமிழை அழுத்தி அன்றைய நாளைப் பெட்டியில் எழுதுகிறோம், காலையில் பெட்டி அதைத் திருப்பித் தருகிறது. காய்ச்சல் தொடாமல் தப்பியவர்கள் ஊருக்கு ஒருவர் இருவர் உண்டு என்பார்கள். இருந்தாலும் வாயைத் திறக்க மாட்டார்கள். திறந்தால் ஊர்ச் சண்டைக்கெல்லாம் சாட்சி சொல்லியே ஆயுசு முடிந்துவிடும்.

உங்கள் ஊரில் ஆளுக்கொரு பெட்டியாமே? எங்கள் காங்கயம் பக்கம் அப்படி இல்லை. வகையறாவுக்கு ஒரே பெட்டி, அதில் ஒரே கோப்பு. அவரவர் வீட்டிலிருந்து வலை வழியாக அதைத் தொட்டு, எல்லாரும் அதையே வாசிப்போம், எல்லாரும் அதிலேயே எழுதுவோம். தனிப் பெட்டி வேண்டும் என்று ஒருவன் கேட்டால் பாகம் பிரித்துக்கொண்டு போகப் பார்க்கிறான் என்று அர்த்தம். பெரியப்பாவுக்கு மூலம் வந்தால் மறுநாள் காலையில் துபாயில் இருக்கும் அவர் மருமகன் துக்கம் விசாரிப்பார்.

வேண்டாததை எழுதாமல் விடலாம். யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். எழுதாவிட்டால் ஊருக்குத் தெரியாது. ஆனால் மறுநாள் எனக்கும் தெரியாது, அங்கேதான் இடி. நானும் நவநீதனும் காதலித்த காலத்தில், பார்த்ததை எழுதினோம், பேசியதை எழுதினோம், முத்தத்தை மட்டும் எழுதாமல் விட்டோம். அப்படியானால் எங்களுக்குள் நடந்தது எல்லாமே முதல் முத்தம்தான். எத்தனை முதல் முத்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. நினைத்தாலே காது சிவக்கிறது, போங்கள்.

நடுவில் நின்றது நவநீதனின் அம்மா, லோகநாயகி அத்தை. பல வருஷங்களுக்கு முன் எங்கள் வகையறாக் கல்யாணம் ஒன்றில் அத்தை சாப்பிட உட்கார்ந்த பந்தியிலிருந்து எழுப்பப்பட்டார் என்று ஒரு பேச்சு. உண்மையில் எழுப்பவில்லை. பாயசம் வரும் பக்கமாக இன்னும் நல்ல இலையில் உட்காருங்கள் என்று யாரோ ஒரு நல்ல மனிதர் அன்போடு அழைத்திருக்கிறார், அதை அந்த வகையறா தப்பாகப் புரிந்துகொண்டது. எனக்கு அப்படித்தான் நினைவு. ஆனால் பெட்டியில் ஏறிய கோபத்துக்கு வயதாவதில்லை. மற்ற கோபம் என்றால் நாளாக நாளாக ஆறும். இது தினமும் காலையில் புதிதாக வரும். அந்த வகையறா முழுவதும் ஒவ்வொரு நாளும் பந்தியிலிருந்து எழுப்பப்பட்டவர்களாகவே கண் விழித்தார்கள். அப்புறம் எங்கே என்னைப் பெண் கேட்டு வருவது?

நவநீதன் பிடிவாதக்காரர். கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டார். அவர் அப்பா வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். அத்தை தலையைக்கூட ஆட்டவில்லை.

கல்யாணத்தன்று காலையில்தான் அந்த அதிசயம் நடந்தது. தாலி கட்டி முடித்ததும் அத்தை மேடைக்கு ஏறி வந்தார். வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். என் தலையில் கை வைத்து, "என்ற ஊட்டுக்கு வெளக்கேத்த வந்த மகராசி, நல்லா இரு கண்ணு" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. குதிக்க வேண்டும்போல இருந்தது, பட்டுப்புடவை தடுத்தது.

ஆனால் அந்த ஆசீர்வாதம் இன்னும் பெட்டியில் ஏறவில்லை, பாருங்கள். அத்தை அதை எழுதாமல் கண் அயர்ந்தால், பழைய கோபத்தோடுதான் விழிப்பார். நான் அந்த வீட்டுக்கு விளக்கேற்றப் போகும்போது வாசற்கதவு சாத்தியிருக்கும். என் வாழ்க்கை அத்தையின் கண்ணிமையில் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது என் தாய்மாமனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் தெய்வசிகாமணி, அம்மாவுக்குத் தம்பி. நல்ல உயரம், கம்பீரமான நடை, காற்றில் அலையும் கருகருவென்ற அடர்ந்த முடி. எப்போதும் தலைப்பாகை கட்டுகிறவர் அன்று அதை அவிழ்த்துவிட்டு வந்திருந்தார். அந்த முடியைப் பார்த்து நாதஸ்வரக்காரரே ஒரு நொடி வாசிப்பை விட்டுவிட்டார். மறுநாள் காலையில் அத்தனையும் கொட்டி, மண்டை வழவழவென்று ஆகிவிட்டது, பாவம். ஊர்க் கண் பொல்லாதது என்று அம்மா சுற்றிப்போட்டாள். என்ன சுற்றிப்போட்டும் திரும்ப முளைக்கவில்லை.

சமையல் மேற்பார்வையும் மாமாதான். சாம்பார் தேவாமிர்தம். அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் பக்கம் தாலி கட்டிய பிறகு கம்பி முடிச்சு என்று ஒரு சடங்கு உண்டு. இரண்டு வீட்டுப் பெட்டியையும் மணையில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, நடுவில் ஒரு கம்பியால் இணைப்பார்கள். இரண்டு கோப்பும் ஒன்றாகிவிடும். அதைத் திறக்கிற உரிமை தாய்மாமனுக்கு மட்டுமே. அவர் கட்டைவிரல் படாமல் யாரும் தொடக் கூடாது.

பெட்டி மெக்கானிக் ரெஜினா கம்பியைச் செருகிவிட்டு மாமாவைப் பார்த்தாள்.

"கை வெக்கறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிர்றேனுங்க. கோப்பு கலக்கறப்ப உள்ள ஒருத்தர் மட்டுந்தான் இருக்கோணும். மத்தவங்க வாசிக்கலாம், எழுத முடியாது. அவங்க எழுதறதெல்லாம் வாசல்ல வரிசைல நிக்கும். நீங்க ஒவ்வொண்ணாப் பாத்து உள்ள உட்டுட்டு, கடைசீல கோப்ப மூடோணும்."

"ரெண்டு பேரு ஒண்ணா எழுதுனா என்ன, குடியா முழுகிப்போகும்?" என்றார் மாமா.

"முழுகியிருக்குதுங்க. ஒரு ஊர்ல சித்தப்பாவோட அறுபதாங் கல்யாணத்த ஒருத்தரு எழுதறாரு, எருமை கன்னு போட்டத இன்னொருத்தரு எழுதறாரு. ரெண்டும் ஒண்ணாக் கலந்துபோச்சு. இன்னைக்கு வரைக்கும் அந்த வகையறா, சித்தப்பாதான் கன்னு போட்டாருன்னு நெனச்சுட்டிருக்குது. அவரும் அப்புடித்தான் நெனக்கறாரு."

மண்டபம் குலுங்கியது. மாமாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தன் கட்டைவிரலையே பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணுங்க," என்றாள் ரெஜினா. "மூடற வரைக்கும் மண்டபத்த உட்டு நெம்பத் தூரம் போயிறாதீங்க. தொறந்த கோப்புக்கு இந்தக் கம்பியோட வலைதான், கிட்டத்துல மட்டுந்தான் எட்டும், அது அந்துபோச்சுன்னா கோப்பு கெட்டுப்போகும். அப்பறம் ரெண்டு வகையறாவும் நாளைக்குக் காலைல, நீங்க ஆருங்கன்னு ஒருத்தர ஒருத்தரு கேட்டுட்டு நிக்கோணும்."

கல்யாணம் என்றால் கோபித்துக்கொள்ளாமல் வீடு திரும்பாதவர் தாய்மாமன். அவர் கையில் இரண்டு வகையறாவின் ஞாபகத்தையும் தூக்கிக் கொடுக்க எங்கள் ஆட்களால் மட்டும்தான் முடியும். ஆனால் முறை என்றால் முறை. மாமா கட்டைவிரலை வைத்தார், கோப்பு திறந்தது. வழக்கமாக வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரத்தில் முடிகிற வேலை. மாமாவோ, "பந்திய ஒரு பார்வை பாத்துட்டு வந்து மூடறேன், சாம்பார் காத்திருக்குது" என்று எழுந்து போய்விட்டார்.

பந்தியில் எல்லாரும் சாம்பாரைக் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். சிலர் கண் கலங்கினார்கள். அப்போது, வாயில் புண் வந்து நாக்கு மரத்துப்போயிருந்த யாரோ ஒருவர், "சாம்பார்ல உப்பு இல்ல" என்று சொல்லிவிட்டார். பாவம், அவர் மேல் தப்பில்லை. புண் அப்படி.

மாமா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து உதறினார். "தாய்மாமன் வெச்ச சாம்பாருக்கு இந்த மருவாதியா? இனி இந்த மண்டபத்துல என்ற கால் படாது!" சொல்லிவிட்டு வாசலைத் தாண்டி நடந்தே விட்டார்.

கல்யாணத்தில் இப்படி ஒருவர் கிளம்பிப் போவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சித்தி மட்டும், மேடையில் நடந்ததை மறக்கும் முன் எழுதிவிடலாம் என்று குமிழை அழுத்தினாள். அவள் காதுக்குள் குரல் கேட்டது.

"கோப்பு வேறொருவர் கையில் உள்ளது. வாசிக்க மட்டும்."

சித்தி கத்தினாள். பெரியம்மா அழுத்தினாள், அவளும் கத்தினாள். அப்புறம் மண்டபமே காதைப் பிடித்துக்கொண்டு கத்தியது. இரண்டு வகையறாவின் ஞாபகமும் மாமாவின் கட்டைவிரலோடு வீதியில் போய்க்கொண்டிருந்தது.

"பொழுது சாயறதுக்குள்ள பிடிச்சுட்டு வந்தாப் போதுமா?" என்று அப்பா கேட்டார்.

ரெஜினா பந்திப் பக்கம் பார்த்தாள். "பொழுதா? அவங்களப் பாருங்க."

வடை, பாயசம், இரண்டு இனிப்பு, நெய் விட்ட சாதம். தின்றவர்கள் எல்லாரும் நாற்காலியில் சரியத் தொடங்கியிருந்தார்கள். கல்யாணச் சாப்பாட்டுக்கு அப்புறம் வரும் தூக்கத்தை எந்தக் கொம்பனால் தடுக்க முடியும்? பெரியப்பா அதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிட்டார். நேராக என்னிடம் வந்து, என் கழுத்தைப் பார்த்து அதிர்ந்து, "என்ன அம்மிணி, முகூர்த்தத்துக்கு முந்தியே தாலியக் கட்டிட்டாங்களா? கெரகத்த, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று சத்தம் போட்டார். விளக்கிச் சொன்னோம். புரிந்துகொண்டு ஆசீர்வாதம் பண்ணினார். போய் உட்கார்ந்தார், தூங்கினார், எழுந்தார். "என்ன அம்மிணி, முகூர்த்தத்துக்கு முந்தியே..."

நவநீதன் நாதஸ்வரக்காரரின் காலில் விழாத குறை. "அண்ணா, நிறுத்தாதீங்க, எவ்வளவு கர்ணகடூரமா வாசிச்சாலும் பரவால்ல!" தவில்காரர் தூங்குகிறவர்களின் காதருகே போய் அடித்தார். ஒரு படை காப்பியோடு அலைந்தது. இன்னொரு படை மூஞ்சியில் தண்ணீர் தெளித்தது. சித்தப்பாக்கள் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டார்கள். பழைய கணக்கெல்லாம் தீர்த்துக்கொள்ள நல்ல சந்தர்ப்பம் என்று சிலர் பலமாகவே கிள்ளினார்கள்.

அத்தையின் இமை தாழ்வதை நான் பார்த்தேன். என் உயிரே தாழ்ந்தது. புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

மாமாவைத் தேட வேண்டியிருக்கவில்லை. மண்டபத்துக்கு எதிரே இருக்கும் பஸ் ஸ்டாப்பில்தான் நின்றிருந்தார். உண்மையாகவே கோபித்துக்கொண்டு போகிறவர் வந்த பஸ்ஸில் ஏறிவிடுவார். மாமாவோ தாராபுரம் பஸ்ஸையும் விட்டார், பழனி பஸ்ஸையும் விட்டார், தாராபுரம் பஸ்ஸை மறுபடியும் விட்டார். கண் மட்டும் மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது, இவ்வளவு நேரமாகியும் ஒருத்தனும் கூப்பிட வரவில்லையே என்று.

என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அடுத்த பஸ்ஸுக்கு நான் போயிருவேன். ஆரும் தடுக்காதீங்க."

பஸ்ஸில் ஏறினால் வலை அறுந்துவிடும். எனக்கு அந்த நேரத்தில் ஏனோ சிரிப்புதான் வந்தது. சிரித்துக்கொண்டே போய், "மாமா, உங்க சாம்பார் மாதிரி இந்த ஜில்லாவுலயே கெடையாதுங்க" என்றேன். என் பின்னால் மண்டபமே திரண்டு வந்திருந்தது. "ஆமாங்க, ஆமாங்க!" என்று இரண்டு வகையறாவும் ஒரே குரலில் சொல்லியது. மேளம் முழங்கியது. மாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அப்புறம் மாமா பெட்டிக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, வரிசையில் நின்ற ஒவ்வொருவர் நாளையும் நிதானமாகப் பார்த்துப் பார்த்து உள்ளே விட்டார். அத்தையின் ஆசீர்வாதம் ஏறிவிட்டதா என்று நான் கேட்டேன். "மொத வேலையா ஏத்தீட்டேன் சாமி" என்றார். நான் அங்கேயே ஒரு சுற்று ஆடினேன். கோப்பு மூடியது. மண்டபம் முழுவதும் ஒரே கணத்தில் குறட்டை விட்டது.

என் கல்யாணம் இதுதான். அழகாக இல்லை? மறுநாள் நவநீதன் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. அத்தை ஆரத்தி எடுத்தார். அந்த வகையறாவில் ஒருவர்கூடப் பந்திக் கதையை எடுக்கவில்லை. "பாயசம் பக்கத்துல உக்காரச் சொன்னதுக்குப் போயி இத்தனை வருசம் மொகத்தத் தூக்கிட்டிருந்தமே" என்று அவர்களே தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு மாதமாக நான் தரையில் நடக்கவே இல்லை, மிதந்துகொண்டிருந்தேன்.

இன்று மதியம் கல்யாண ஆல்பம் வந்தது.

நவநீதனும் மாமனாரும் மில்லுக்குப் போயிருந்தார்கள். நான் கூடத்தில் உட்கார்ந்து ஆல்பத்தைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே மாமா. மண்டை வெயிலில் பித்தளைக் குடம்போல மின்னியது. தாலி கட்டுகிற படத்திலும் மின்னியது. கம்பி முடிச்சுப் படத்தில் பிளாஷ் வெளிச்சம் மண்டையில் பட்டு எங்கள் முகமே தெரியவில்லை. மறுநாள் அல்லவா முடி கொட்டியது? முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றது. வேகவேகமாகப் பக்கங்களைத் திருப்பினேன்.

மேடையில் அத்தை இல்லை. தாலி கட்டும்போது இல்லை, கட்டிய பிறகும் இல்லை. எங்களை ஆசீர்வதிக்க வந்த ஒவ்வொருவரும் இருந்தார்கள், தவில்காரர்கூட இருந்தார். அத்தை ஒரு படத்திலும் இல்லை. பஸ் ஸ்டாப் படம் ஒன்று இருந்தது. அதில் கூட்டம் இல்லை, மேளம் இல்லை. மாமா நின்றிருந்தார். நான் பட்டுப்புடவையோடு மண்ணில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்திருந்தேன்.

அந்த ஆசீர்வாதமே நடக்கவில்லையா? ஒரு மாதமாக நான் குடியிருப்பது மாமா கட்டிய பொய்க்குள்ளா? அத்தை இந்தப் படங்களைப் பார்த்தால், பார்த்து இன்று ராத்திரி அதைப் பெட்டியில் எழுதினால், நாளைக் காலையில் இரண்டு வகையறாவும் பழைய கோபத்துக்கு எழுந்திருக்கும். ஆல்பத்தை எங்கே ஒளிப்பது என்று நான் சுற்றிப் பார்த்தபோது அத்தை பின்னாலேயே நின்றிருந்தார்.

"குடு, பாப்பம்" என்றார்.

கொடுத்தேன். வேறென்ன செய்வது? அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். அவசரமே இல்லை. கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டு மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"நானு ஒண்ணுலயும் இல்ல."

"அது வந்துங் அத்தே, போட்டோக்காரரு..."

"சாம்பார்ல உப்பு இல்லைன்னு சொன்னது நாந்தான் கண்ணு" என்றார் அத்தை. "எனக்கு வாயில புண்ணும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

நான் அவரையே பார்த்தேன். அந்த வாக்கியத்தை யாராலும் சொல்ல முடியாது. யார் சொன்னது என்பது பெட்டியிலேயே இல்லை. பெட்டியில் இல்லாததை ஒருவர் நினைவு வைத்திருக்கிறார் என்றால்...

"உங்களுக்குக் காய்ச்சல்..."

"வருல. எங்க ஊடே படுத்துக் கெடந்துச்சு, எனக்கு மட்டும் ஒரு தும்மல்கூட வருல." அத்தை வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "இந்தக் குமிழ ஊருக்காக மாட்டியிருக்கறேன். எல்லாம் என்ற தலைலயே இருக்குது. உங்க மாமனுக்கு நானறிஞ்ச நாள்ல இருந்து மண்டைல முடி இல்ல. அன்னைக்குப் பந்தில இருந்து என்னய எழுப்புனதும் அவருதான். பாயசமுமில்ல, நல்ல எலையுமில்ல. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வந்துட்டாங்க, எந்திரிங்கன்னாரு. அதுக்குத்தான் நானு உப்ப இழுத்தேன். உப்பு நெஜமாவே இல்ல, அது வேற."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டின. "அப்பறம் ஏனுங் அத்தே ஒரு மாசமாச் சொல்லல? நீங்க என்னய ஆசீர்வாதமே பண்ணலையே."

"என்ற கோவம் எப்பவோ ஆறிப்போச்சு கண்ணு. மனுசக் கோவம் அப்புடித்தான், தானா ஆறும். ஆனா இந்த ஊட்டுல மத்தவங்களுக்குப் பொட்டி அதத் தெனமும் காலைல சுட வெச்சுல்ல குடுத்துச்சு? நான் மட்டும் ஆறிப்போயி நின்னா, உனக்கெப்புடி ஆறுச்சுன்னு கேப்பாங்க. அதுவும் போக, நானா எறங்கி வர்றதுக்கு ரோசம். மேடைக்கு வரோணும்னு மனசு, கால் வருல. பந்தில உக்காந்து உங்க மாமனைக் கடுப்பேத்திட்டு, வாசல்ல நின்னு பாத்துட்டிருந்தேன்."

பஸ் ஸ்டாப்பில் நடந்ததை அத்தைதான் எனக்குச் சொன்னார். நான் சிரிக்கவே இல்லையாம். மாமாவின் காலடியில் உட்கார்ந்து, "அத்தெ மேடைக்கே வருல மாமா, நான் எப்புடி அந்த ஊட்டுல போயி வாழுவேன்" என்று தேம்பினேனாம். சாம்பாரைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மாமா என் எதிரே குத்தவைத்து உட்கார்ந்தாராம். அப்புறம் துண்டால் என் முகத்தைத் துடைத்து, "அட, இவ்வளவுதானா? கோப்பு என்ற கையிலதான சாமி இருக்குது" என்றாராம்.

"அடுத்த நாள் காலைல எந்திரிச்சா ஊடே சிரிக்குது. நான் மேடைல சிரிச்சேன்னு என்ற ஊட்டுக்காரரே சொல்றாரு. மகராசின்னு சொன்னனாமா. நானு அப்புடியெல்லாம் பேசற ஆளா?" அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "ஆனா பழைய பந்திக் கதைல இருந்து எல்லாத்தையும் நல்லாத்தான் மாத்தி எழுதியிருக்கறாரு. நான் சொல்லோணும்னு நெனச்சத அந்த மனுசன் எப்புடியோ கண்டுபிடிச்சுட்டாரு. சரி, அதுமாறியே இருந்துட்டுப் போகுதுன்னு ஆரத்தி எடுத்தேன்."

இருவரும் சேர்ந்து சிரித்தோம். கண்ணில் நீர் வரச் சிரித்தோம். உப்பு என்று ஒருவர் சொன்னால் போதும், இன்னொருவர் தூணைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. என் வாழ்நாளில் நான் அவ்வளவு சிரித்ததே இல்லை, அல்லது சிரித்ததை எழுதாமல் விட்டிருப்பேன்.

சிரித்து ஓய்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. "இதை நான் எப்புடிங் அத்தே எழுதுவேன்? எழுதுனா ரெண்டு வகையறாவுக்கும் தெரிஞ்சுபோயிரும். எழுதலைன்னா..."

"மறந்துருவே."

"நீங்க என்கிட்டப் பேசுன பேச்சுலயே நல்ல பேச்சு இதுதானுங்க. இதப் போயி எப்புடி மறக்கறது?"

அத்தை கையை நீட்டி என் தலையில் வைத்தார். மேடையில் வைக்காத கை அது. கொஞ்சம் முரடாக, வெங்காய வாசனையோடு இருந்தது.

"நீ பொட்டாட்ட, பேசாம மறந்துட்டுப் போ கண்ணு. நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து நானு நெனப்பு வெச்சுக்கறேன்."

அவ்வளவுதான். இதோ, எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. இன்றைக்குப் பெட்டியில் எழுதப்போவதைச் சொல்கிறேன், கேளுங்கள்: கல்யாண ஆல்பம் வந்தது. போட்டோக்காரர் சுத்த மோசம், அத்தை நின்ற பக்கம் திரும்பவே இல்லை. மாமா தலையில் வெளிச்சம் தப்பாக விழுந்திருக்கிறது. அவரை வருகிற ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அழைக்க வேண்டும், சாம்பார் அத்தை வைப்பாராம்.

நாளைக் காலையில் நான் கோலம் போட வரும்போது உங்களைப் பார்த்தால் மறுபடியும் என் கல்யாணக் கதையைத் தொடங்குவேன். என் மாமா வைத்த சாம்பார் மாதிரி இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று சத்தியம் பண்ணுவேன். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிடுங்கள்.